புல் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது?

கோல்ஃப் மட்டைப் பையோடு கடற்கரைச் சுற்றுலாவுக்குத் தயாராகும் சந்தாபுரா, பொம்மசந்திரா, ஆனேக்கல், அத்திப்பள்ளி வட்டார நண்பர்களுக்கு,



மழை ஓய்ந்ததும் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து, ஒரு வாரம் விடுப்பு எடுத்து, கடலோரமாக மூன்று நான்கு மைதானங்களில் ஆடிவிட்டுத் திரும்பும் திட்டம் உங்களில் பலருக்கு இருக்கிறது. கோவாவா, கொச்சியா, கொழும்பா என்று பேச்சு ஓடுகிறது. ஒன்பது குழியா பதினெட்டா, வடிவமைத்தவர் யார், கிரீன் ஃபீ எவ்வளவு, கேடி கிடைப்பாரா, அறையிலிருந்து கடல் தெரியுமா என்று பட்டியல் நீள்கிறது. எல்லாம் நியாயமான கேள்விகளே. ஆனால் முதலில் கேட்க வேண்டிய ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை: பிப்ரவரி மாத வெயிலில் அந்தப் புல்லுக்கு ஊற்றப்படும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கடலோர மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஆட்டத்தை விடச் சொல்லி எழுதவில்லை. எங்கே ஆடுவது என்று முடிவெடுக்கும் உரிமை உங்கள் கையில் இருப்பதால் எழுதுகிறேன்.

இதை வேறு ஊர்க்காரர்களுக்குச் சொல்வதானால் தண்ணீரைப் பற்றி நீண்ட விளக்கம் தர வேண்டியிருக்கும். உங்களுக்குத் தேவையில்லை. ஆனேக்கல் தாலுகாவின் நிலத்தடி நீர், ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்படும் வகையைச் சேர்ந்தது. போர்வெல்லின் ஆழம் ஏறிக்கொண்டே போவதும், டேங்கர் லோடின் விலை கோடைக்குக் கோடை மாறுவதும் உங்கள் அடுக்ககக் கூட்டங்களின் நிரந்தரப் பேச்சு. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் கார் கழுவினாலோ தோட்டத்துக்குப் பாய்ச்சினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், நம் சந்தாபுரா ஏரியைக் காக்கத் தவறியதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஓசூர் சாலையில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அந்த ஏரி, ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்த ஏரி. தொழிற்சாலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் சேர்ந்து ஒரு நீர்நிலையை என்ன செய்யும் என்பதைத் தினம் பார்க்கிற நீங்கள், விடுமுறைக்குப் போகும் ஊரின் கிணறுகளைப் பற்றிக் கேட்காமல் வருவது சரியல்ல.

அளவு புரிவதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினெட்டுக் குழி மைதானம் ஒன்று ஏறத்தாழ 100 முதல் 150 ஏக்கர் பிடிக்கும். அதில் வெறும் 60 ஏக்கருக்குத்தான் தண்ணீர் காட்டுகிறார்கள் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மழையில்லாத நாட்களில் நம் கடற்கரையில் பச்சைப் புல்வெளி ஒன்று நாளுக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்கு ஈரத்தை இழக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். பெருக்கினால் நாளொன்றுக்குச் சுமார் 12 லட்சம் லிட்டர் வருகிறது. நம் தெருவில் வந்து நிற்கும் 6,000 லிட்டர் டேங்கரில் இது 200 லோடு. நகரவாசி ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவின்படி பார்த்தால் 9,000 பேருக்கான தண்ணீர். அத்தனையும் நன்னீராக, அத்தனையும் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டால் அது ஒரு சிற்றூரின் பங்கு. அதே 12 லட்சம் லிட்டர், சுத்திகரித்த கழிவுநீராகவோ மழையில் பிடித்து வைத்த குளத்து நீராகவோ இருந்தால் யாருடைய குடமும் குறைவதில்லை. இரண்டு மைதானங்களும் கண்ணுக்கு ஒரே பச்சையாகத்தான் தெரியும். கேட்டால் ஒழிய வித்தியாசம் தெரியாது.

கடலோரத்தில் இந்த வித்தியாசம் பல மடங்கு பெரிதாகிறது. மணற்பாங்கான கரையில் மழைநீர் கீழே இறங்கி, உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய கிண்ணம்போல மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால்தான் அது அப்படி நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் கைபென், ஹெர்ட்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்டறிந்த விதி ஒன்று நிலத்தடி நீர் படிப்பவர்களுக்கெல்லாம் பாலபாடம்: கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதையே திருப்பிப் படியுங்கள். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், கீழேயிருந்து உப்பு 40 மீட்டர் ஏறி வரும். சந்தாபுராவில் போர்வெல் வற்றினால் ஒரு நல்ல மழைக்காலத்தில் கொஞ்சமாவது மீளும் என்ற நம்பிக்கை இருக்கிறது. கடலோரக் கிணற்றில் உப்பு ஏறினால் அது இறங்கப் பல ஆண்டுகள், சில இடங்களில் ஒரு தலைமுறை ஆகும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் இறைத்த இறைப்பில் கடல்நீர் நிலத்தடியில் பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. அங்கே இறைத்தது கோல்ஃபுக்காக இல்லைதான். ஆனால் மணலுக்கு அடியிலிருக்கும் நீருக்கு, யாருக்காக இறைக்கிறார்கள் என்பது தெரியாது. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் பயணம் போக விரும்பும் டிசம்பர் முதல் மார்ச் வரையான மாதங்கள்தான் மேற்குக் கரைக்கு மழையில்லாத மாதங்கள். கிழக்குக் கரையிலும் ஜனவரிக்குப் பிறகு மேகம் கலைந்துவிடும். அறைகள் நிரம்பும் காலமும் கிணறு இறங்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன.

கோல்ஃபும் கடற்கரையும் சேர்ந்தே பிறந்தவைதானே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், அந்தப் பிறப்பிலேயே நாம் கற்க வேண்டியது இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 'லிங்க்ஸ்' என்று அழைக்கப்படுவது கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட மணல்மேட்டுத் தரை. உழவுக்கு ஆகாது, ஆடு மேயும், மெல்லிய புல் தானாக முளைக்கும், ஆண்டு முழுவதும் தூறல் விழும். தரை எப்படி இருந்ததோ அதற்கேற்ப ஆட்டம் வளர்ந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் இன்றும் பொதுச்சொத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நடைபோகும் பூங்காவாகிவிடும். கோடை வறண்டால் லிங்க்ஸ் தரை பழுப்பாகும், ஆடுகிறவர்கள் அந்தப் பழுப்பை ஏற்றுக்கொள்வார்கள். 2006ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் நடந்த ஓப்பன் போட்டியை நினைத்துப் பாருங்கள். காய்ந்து வெளிறிய தரையில் பந்து ஓடிய ஓட்டத்தைக் கணித்து, நான்கு நாட்களில் ஒரே ஒரு முறை மட்டும் டிரைவரை எடுத்து டைகர் வுட்ஸ் வென்றார். உலகத்தின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றே பழுப்புத் தரையில் நடக்கலாம் என்றால், நம் வெப்பநாட்டுக் கடற்கரை ஓட்டல் மட்டும் ஏன் மரகதக் கம்பளம் விரித்தாக வேண்டும்? வருகிறவர்கள், அதாவது நீங்கள், பச்சையைத் தேடுவீர்கள் என்று நிர்வாகம் நம்புவதால்தான். நம் நாட்டின் வறண்ட ஊர்களில் கிரீனுக்குப் பதிலாக எண்ணெய் கலந்த மணலைக் கெட்டித்து 'பிரவுன்' அமைத்து ஆடிய பழக்கம் உண்டு. வெப்பநாடுகளின் ஃபேர்வேயில் பெர்முடா புல் என்று பெருமையாகச் சொல்லப்படுவதும் நம் அருகம்புல்லும் அதன் ஒட்டுவகைகளும்தான். காய்ந்தாலும் வேர் சாகாத, ஒரு மழையில் துளிர்க்கிற புல் அது. அதைத் தினமும் குளிப்பாட்டச் சொல்வது புல் அல்ல.

பிறந்த இடத்திலேயே இந்த ஒட்டுறவு முறிந்த கதையும் இருக்கிறது. அபர்டீன்ஷயரில் மெனி என்ற இடத்தில், காற்றோடு நகர்ந்துகொண்டிருந்த மணல்மேடுகளின் மேல் ட்ரம்ப் நிறுவனத்தின் மைதானம் 2012இல் திறக்கப்பட்டது. மணல் நகராதபடி நிறுத்தப்பட்டது. 2020 டிசம்பரில், காக்கத்தக்க சிறப்பு இனி மிஞ்சவில்லை என்று சொல்லி ஸ்காட்லாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே அந்தப் பகுதிக்கு இருந்த அறிவியல் சிறப்பிடத் தகுதியை நீக்கிவிட்டது.

இனி உங்கள் வரைபடத்துக்கு வருவோம். கோவா என்றதும் கடலை ஒட்டிய பச்சை மைதானங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அதே கோவாவின் வடகோடியில், ஆற்றுக்கு அப்பால் டெரகோல் என்ற சின்னக் கிராமம் இருக்கிறது. முந்திரித் தோப்புகள் இருந்த அந்த மேட்டில் ஓட்டலோடு சேர்ந்த கோல்ஃப் மைதானம் வரும் என்ற அறிவிப்பை எதிர்த்துக் கிராம மக்களும் கோவா ஃபவுண்டேஷன் என்ற சூழல் அமைப்பும் நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று ஏறி இறங்கினார்கள். அந்த மண்ணில் தங்களுக்குக் குத்தகை உரிமை உண்டு என்பது அங்கே உழைத்தவர்களின் வாதம். இத்தகைய தகராறு நிலுவையில் உள்ள இடங்களைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், விளம்பரம் எவ்வளவு அழகாக இருந்தாலும். மாறாக, கிருஷ்ணகிரி, சேலம், கோவை வழியாக நீங்கள் காரிலேயே போய்விடக்கூடிய கொச்சியைப் பாருங்கள். நெடும்பாசேரி விமான நிலையத்தை ஒட்டிய மைதானத்தில் செயற்கைக் குளங்கள் மழைநீரைப் பிடித்து வைக்கின்றன. 2021இல் அந்தக் குளங்களின் மேல் மிதக்கும் சூரியத் தகடுகளையும் பரப்பினார்கள். கடல் தெரியாதுதான். ஆட்டத்தை அங்கே முடித்துக்கொண்டு, மாலையில் கடலைப் பார்க்க ஃபோர்ட் கொச்சிக்குப் போகலாம். திருவனந்தபுரம் கவடியாரில் மன்னர் காலத்துப் பழைய ஒன்பது குழி மைதானம் இருக்கிறது. பழைய மைதானங்களுக்கு என் முதல் ஓட்டு. அவற்றுக்காகப் புதிதாக எந்தத் தோப்பும் வெட்டப்படப் போவதில்லை, எந்த மணல்மேடும் சமன் செய்யப்படப் போவதில்லை.

இலங்கைக்குப் போக நினைப்பவர்களுக்கும் இதே அளவுகோல்தான். 1879இல் தொடங்கிய ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப், களனிவெளி ரயில் பாதை நடுவே ஓடும் பழம்பெரும் மைதானம். ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் மழை காணும் ஈர மண்டலத்தில் இருக்கிறது. தென்கோடி அம்பாந்தோட்டையில் 2016இல் திறந்த ஓட்டல் மைதானம், தென்னந்தோப்பும் தோண்டிப் போட்ட பள்ளமுமாக இருந்த நிலத்தைச் சீர்படுத்தி அமைத்தது என்பதால் நிலத்தின் பக்கம் அதற்கு ஒரு நல்ல வாதம் உண்டு. ஆனால் அது வறண்ட மண்டலம். அங்கே தண்ணீர்க் கேள்வியை அழுத்திக் கேட்க வேண்டும். திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் மைதானத்தின் காட்சி அருமை என்பார்கள். படையினர் வசமுள்ள நிலம் பற்றிய மனக்காயம் கிழக்கில் இன்னும் ஆறாத நிலையில், அங்கே தண்ணீரோடு நிலத்தையும் சேர்த்து யோசியுங்கள். தமிழ் வாசகர்களுக்கு இதற்கு மேல் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் மறுப்புகள் எனக்குக் கேட்கின்றன. முதலாவது, சட்டம் இருக்கிறதே என்பது. இருக்கிறது. 1991இல் வந்து, 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கரையோர நிலத்தடி நீரை எடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அந்த மண்டலம் கடலை ஒட்டி உயர் அலைக்கோட்டிலிருந்து அதிகபட்சம் 500 மீட்டர் வரைதான். நன்னீர்க் கிண்ணம் அந்தக் கோட்டில் நின்றுவிடுவதில்லை. சட்டம் எப்போது வந்து சேரும் என்பதை நாகப்பட்டினம் கரையோரம் அறியும். இறால் பண்ணைகளால் வயலும் கிணறும் உப்பாவதை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கரையோர மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மகத்தான தீர்ப்பு. அது வருவதற்குள் பல கிணறுகள் உப்பாகிவிட்டிருந்தன. இரண்டாவது மறுப்பு, நெல்லுக்கு இதைவிட அதிகத் தண்ணீர் போகிறதே என்பது. ஏக்கருக்கு ஏக்கர் பார்த்தால் அதுவும் உண்மை. ஆனால் நெல் சோறாகிறது. அதோடு, எந்த வயலுக்குத் தண்ணீர் போக வேண்டும் என்று உங்களை யாரும் கேட்பதில்லை, எந்த மைதானத்தில் ஆடுவது என்பதை நீங்களே முடிவு செய்கிறீர்கள்.

மூன்றாவது மறுப்புக்கு வலு அதிகம். மைதானம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் கான்கிரீட் முளைத்திருக்கும், கேடிகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் வேலை இருக்காது என்பது. இதை நான் மதிக்கிறேன். நெரிசலான நகரங்களில் பழைய மைதானங்கள் மரத்தையும் பறவையையும் மழை இறங்கும் மண்ணையும் காத்திருக்கின்றன. சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலும் அதற்குள் கோல்ஃப் மைதானமும் இருந்த 160 ஏக்கரைத் தமிழ்நாடு அரசு 2024 செப்டம்பரில் எடுத்துக்கொண்டபின், வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் தேங்காமலிருக்க அங்கே குளங்கள் வெட்ட முடிந்தது. கட்டடம் ஏறாமல் இருந்ததால்தான் அது முடிந்தது. அதைச் செய்த விதம் சரியா என்பது தனி வழக்கு. திறந்த நிலத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை அது காட்டுகிறது, அவ்வளவே. ஆக, இந்த மறுப்பு பழைய மைதானங்களுக்கும், நீரைத் தன் எல்லைக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும் மைதானங்களுக்கும் ஆதரவான சான்று. தோப்பை வெட்டி ஊர்க்கிணற்றில் குழாய் இறக்கும் மைதானத்துக்கு அது கேடயம் ஆகாது. வேலையைப் பற்றிய கவலை உண்மையானதென்றால், உள்ளூர்க்காரர்களைக் கேடிகளாக வைத்திருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒரே இடத்தில் இரண்டு நாள் கூடத் தங்கி ஆடுங்கள், அவர்களுக்கு நிறைவாகக் கொடுங்கள். நான்கு மைதானங்களை ஓடி ஓடி முடிப்பதைவிட இரண்டில் நிதானமாக ஆடுவது ஆட்டத்துக்கும் நல்லது.

பன்னிரண்டு பேர் கேட்டால் என்ன மாறிவிடும் என்று கடைசியாகக் கேட்பீர்கள். ஓட்டல்கள் தனியாளைவிடக் குழுக்களைத்தான் எண்ணிப் பார்க்கின்றன. பன்னிரண்டு பேர், மூன்று இரவு, இரண்டு சுற்று ஆட்டம் என்றால் விற்பனை மேலாளர் தொலைபேசியில் உங்களுக்காகக் காத்திருப்பார். உணவில் அசைவம் வேண்டுமா, வண்டி வேண்டுமா என்று அவர் கேட்கும் அந்த நேரத்தில் நீங்கள் கேட்கும் கேள்வி நிர்வாகத்தின் மேசைக்குப் போகும். சுத்திகரிப்பு நிலையம் வைத்திருப்பவர் அதைப் பெருமையோடு சொல்வார். வைத்திராதவர், அடுத்த குழுவும் இதையே கேட்டால் யோசிக்கத் தொடங்குவார். உப்பைத் தாங்கும் பாஸ்பாலம் போன்ற புல்வகைகள் இருக்கின்றன, ஃபேர்வேயைப் பழுப்பாக விட்டுக் கிரீனுக்கு மட்டும் நீர் காட்டும் வழி இருக்கிறது, மழைக்குளம் வெட்ட இடம் இருக்கிறது. செய்ய முடியாததை யாரிடமும் நீங்கள் கேட்கப் போவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. முன்பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு மைதானத்துக்கும் எழுத்தில் கேளுங்கள்: ஜனவரி முதல் மே வரை புல்லுக்குப் பாயும் நீர் சுத்திகரித்ததா, மழைக்குளத்ததா, கிணற்றினதா? கிணறு என்றால் சுற்றியுள்ள ஊரின் கிணறுகளில் உப்புத் தட்டியிருக்கிறதா? தண்ணீரோடு நிலத்தைப் பற்றியும் ஒன்று: மைதானம் வந்தபின் மீனவர்கள் கரைக்குப் போகும் பாதை திறந்திருக்கிறதா? பதிலை உங்கள் குழுவில் எல்லோரும் பார்க்கப் பகிருங்கள். கூடவே, ஃபேர்வே பழுப்பாக இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம் என்று ஒரு வரியைச் சேர்த்து எழுதுங்கள். அந்த வரியை ஆடுகிறவர்கள்தான் எழுத முடியும், வேறு யார் எழுதினாலும் எடுபடாது. ஒரு வாரத்தில் பதில் தராத மைதானத்தின் பெயரை அடித்துவிட்டு அடுத்ததற்கு எழுதுங்கள்.

அன்புடன்,
சந்தாபுராவிலிருந்து ஒரு குடிமகன்